ஏடு மாறுகிறது! எவரைக் கேட்டார்கள்?

வாடகை வீடு மாறாத தொழிலாளி நம்மில் எத்தனை பேர்? மாறியவருக்குத் தெரியும் அந்தப் பாடு. கட்டிலும் பெட்டியும் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். அவை எப்படியும் வண்டி ஏறிவிடும். ஆனால், குழந்தைக்கு ஊசி போட்ட சீட்டை மடித்து வைத்த டப்பா, அடகுக் கடை ரசீதைச் செருகி வைத்த புத்தகம், அரிசிப் பானைக்குள் போட்டு வைத்த சாவி - இவையெல்லாம் புது வீட்டுக்குப் போன மூன்றாம் நாள்தான் "எங்கே? எங்கே?" என்று தேடப்படும். வீட்டுக்காரியைக் கேட்காமல் மூட்டை கட்டியவன் படுகிற பாடு அது. எது எங்கே இருந்தது என்பது அவளுக்குத்தானே தெரியும்!

ஒரு குடித்தனம் இடம் மாறும்போதே இத்தனை தொல்லை என்றால், ஒரு மருத்துவமனையின் நினைவே இடம் மாறும்போது என்னவாகும்? ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பெயர், வயது, வந்த நோய், தந்த மருந்து, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து, அறுவை நடந்த நாள், சர்க்கரை ஏறி இறங்கிய கணக்கு - அத்தனையும் ஒரு கணிப்பொறியை விட்டு இன்னொரு கணிப்பொறிக்கு மூட்டை கட்டிப் புறப்படும்போது, என்னென்ன சிந்தும்? என்னென்ன சிதறும்? மூட்டை கட்டுகிறவர் யார்? கட்டச் சொன்னவர் யார்? கட்டுமுன் யாரைக் கேட்டார்கள்?

இதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். மின்னணு மருத்துவப் பதிவேடு என்று இதற்குப் பெயர். மருத்துவர் மேசைமீது முன்பு அட்டை இருந்தது. இப்போது திரை இருக்கிறது. அந்தத் திரைக்குள் ஓடுகிற மென்பொருளை ஒரு நாள் மாற்றுகிறார்கள். பழையது போகிறது, புதியது வருகிறது.

'இது படித்தவர் சங்கதி, நமக்கேன்?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், தோழர்களே! அந்தப் பதிவேட்டில் எழுதப்படுவது நம் உடம்பு. அதை எழுதுகிறவர், நம்மைப்போல் சம்பளத்துக்கு உழைக்கிற செவிலி, சீட்டு எழுதும் குமாஸ்தா, மருந்து கொடுக்கும் ஊழியர். எழுதுகிறவரும் உழைப்பாளி, எழுதப்படுகிறவரும் உழைப்பாளி. மாற்றச் சொல்லி ஆணையிடுகிறவர் மட்டும் வேறொருவர்! அதனால்தான் இது நம் சங்கதி.

இந்த மாற்றம் மிகப் பெரிய அளவில் நடந்த நாடு அமெரிக்கா. அங்கே நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். அதில் பாராட்ட வேண்டியதும் இருக்கிறது, பதற வேண்டியதும் இருக்கிறது.

அமெரிக்காவில் படையில் பணியாற்றித் திரும்பிய வீரர்களுக்கென்று அரசே நடத்துகிற மருத்துவமனைகள் இருக்கின்றன. படைவீரர் நலத்துறை என்பது அதன் நிர்வாகம். 1970-களின் கடைசியில், அந்த மருத்துவமனைகளில் பணியாற்றிய சில மருத்துவர்களும், நிரல் எழுதத் தெரிந்த சில ஊழியர்களும் ஒன்று சேர்ந்தார்கள். நோயாளியின் குறிப்பைக் கணிப்பொறியில் ஏற்றலாம் என்பது அவர்கள் எண்ணம். தலைநகரில் இருந்த மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. 'கணிப்பொறி என்றால் எங்கள் இலாகா. நீங்கள் யார் கை வைக்க?' என்ற போக்கு! கருவிகள் பறிக்கப்பட்டன, வேலை இழந்தவர்களும் உண்டு.

அவர்கள் விட்டார்களா? இல்லை. ஒரு மருத்துவமனையில் எழுதியதை இன்னொரு மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் திருத்தி மூன்றாமவருக்குக் கொடுத்தார்கள். இந்த மறைமுகக் கூட்டுறவுக்கு 'நிலத்தடி இருப்புப்பாதை' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். கறுப்பின மக்கள் அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு தப்பியோட உதவிய 19-ஆம் நூற்றாண்டு இரகசிய அமைப்பின் பெயர் அது! 1982-ல் மேலிடம் இறங்கி வந்தது; அவர்கள் வேலைக்கு ஒப்புதல் தந்தது. பின்னாளில் விஸ்டா என்று பெயர் பெற்ற பதிவேட்டு முறை அப்படித்தான் பிறந்தது.

விஸ்டா விலைக்கு வாங்கிய சரக்கன்று. நோயாளியின் நாடி பிடித்த கைகளே, அல்லது அந்தக் கைகளுக்குப் பக்கத்திலே உட்கார்ந்தவர்களே, எழுதியது. 'இந்தப் பொத்தான் இங்கே வேண்டாம், அங்கே வேண்டும்' என்று காலையில் செவிலி சொன்னால், அதைத் திருத்தக்கூடியவர் அதே கட்டடத்தில் இருந்தார்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்லுகிறோம். கான்சஸ் மாநிலத்தில் டொபீகா என்றோர் ஊர். அங்கே படைவீரர் மருத்துவமனையில் சூ கின்னிக் என்ற செவிலி பணியாற்றினார். 1992-ல் ஒரு பயணத்தின்போது வாடகைக் கார் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறார். அங்கிருந்த ஊழியர் கையிலிருந்த கருவியைக் காரிலிருந்த கோட்டுக் குறிமீது காட்டினார். அது எந்தக் கார் என்ற கணக்கு அந்த நொடியே வந்து விழுந்தது. பார்த்தார் அந்த அம்மையார். 'வாடகைக் காருக்கு இத்தனை பாதுகாப்பு இருக்கிறதே, என் நோயாளிக்குக் கொடுக்கிற மருந்துக்கு ஏன் இல்லை?' என்ற எண்ணம் எழுந்தது. நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை. மருந்துப் பொட்டலத்தில் ஒரு கோட்டுக் குறி. இரண்டின்மீதும் கருவியைக் காட்டு. பொருந்தாவிட்டால் திரை எச்சரிக்கும். ஆள் மாறி மருந்து போகாது. அளவு மாறிப் போகாது. டொபீகாவில் தொடங்கியது இந்த முறை. 2000 வாக்கில் படைவீரர் மருத்துவமனைகள் எங்கும் பரவியது. இன்று உலகில் எத்தனையோ மருத்துவமனைகளில் இருப்பது இதே முறைதான்.

பட்டம் பல பெற்ற நிர்வாகிக்குத் தோன்றாதது, இரவுப் பணியில் கண் விழித்த செவிலிக்குத் தோன்றியது ஏன்? மருந்துக் குப்பியைக் கையில் எடுக்கிறவர் அவர். தவறினால் துடிக்கிற நோயாளியின் முன் நிற்கிறவரும் அவர். வேலை செய்கிற கைக்கு ஓர் அறிவு உண்டு, தோழர்களே! தறி நெய்கிறவருக்கு எந்த இழை அறும் என்று தெரியும். பேருந்து ஓட்டுகிறவருக்கு எந்தத் திருப்பத்தில் சக்கரம் வழுக்கும் என்று தெரியும். அந்த அறிவைக் கேட்டு வாங்கியதால் வளர்ந்தது விஸ்டா.

'நீங்கள் பொறிக்கு எதிரிகள். பழைய காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறீர்கள்' என்று எவரேனும் கிளம்பக்கூடும். இல்லை ஐயா, இல்லை! 2005 ஆகஸ்டில் கத்ரீனா என்ற புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை நீரில் மூழ்கடித்தது. தனியார் மருத்துவர்கள் அலமாரியில் அடுக்கி வைத்திருந்த காகிதக் குறிப்புகள் ஊறிக் கூழாயின. எந்த மருந்து சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாமல் ஊர் ஊராய் ஓடினர் மக்கள். ஆனால் படைவீரர் மருத்துவமனையின் நோயாளிகள் எந்த ஊரில் தஞ்சம் புகுந்தாலும், அந்த ஊர்ப் படைவீரர் மருத்துவமனையின் திரையில் அவர்கள் குறிப்பு வந்து நின்றது! காகிதம் செய்யாததைக் கணிப்பொறி செய்தது. இதை நாம் மறுக்கவில்லை, மகிழ்ந்து வரவேற்கிறோம். நாம் கேட்பது பொறி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியன்று. பொறி யாருக்கு அடங்கியது என்ற கேள்வி!

இனி மாற்றத்தின் மறுபக்கத்துக்கு வருவோம்.

2009 பிப்ரவரியில் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. மருத்துவர்களே, மின்னணுப் பதிவேட்டுக்கு மாறுங்கள்; மாறினால் பணம் தருகிறோம்; மாறாவிட்டால் 2015 முதல் உங்களுக்குச் சேரவேண்டிய தொகையில் பிடித்துக்கொள்வோம் என்றது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் வழியே, மருத்துவர் ஒருவருக்கு 5 ஆண்டுகளில் 44,000 டாலர் வரை. ஏழைகளுக்கான திட்டத்தின் வழியே 6 ஆண்டுகளில் 63,750 டாலர் வரை! மொத்தத்தில் 3,000 கோடி டாலருக்கும் மேல் அரசுப் பணம் ஆறாய் ஓடியது. 2008-ல் நூற்றுக்குச் சுமார் 9 மருத்துவமனைகளில் மட்டுமே இருந்த அடிப்படை மின்னணுப் பதிவேடு, 2015-ல் நூற்றுக்குச் சுமார் 84 மருத்துவமனைகளில் புகுந்துவிட்டது.

நோக்கம் நல்லது. ஆனால் ஆறு ஓடும் இடத்தில் தூண்டில் போடுகிறவனும் வந்து சேருவானல்லவா? வந்து சேர்ந்தார்கள். மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் மருத்துவர் வாசலில் வரிசை பிடித்து நின்றன. தேதிக்குள் மாறினால்தான் காசு. ஆகவே ஆராய்ந்து பார்க்க அவகாசமில்லை. ஆழம் பார்க்காமலே காலை விட்டார்கள் சிறு மருத்துவர்கள்.

என்ன வாங்கினார்கள் என்பதற்கு இரண்டு சான்று காட்டுகிறோம். இரண்டும் அமெரிக்க நீதித்துறையே வெளியிட்டவை.

முதலாவது, ஈகிளினிக்கல்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தின் கதை. அரசு மானியம் பெற வேண்டுமானால் மென்பொருள் ஒரு தேர்வில் தேற வேண்டும். எந்த மருந்தைக் கேட்டாலும் அதற்குரிய குறியீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தர வேண்டும் என்பது தேர்வின் ஒரு பகுதி. தேர்வில் கேட்கப்படும் மருந்துகள் 16. முழுப் பட்டியலையும் தேடும் திறனைக் கொடுப்பதற்குப் பதிலாக, அந்த 16 குறியீடுகளை மட்டும் உள்ளே எழுதி வைத்துத் தேறிவிட்டார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு! வினாத்தாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பதினாறே விடைகளை மனப்பாடம் செய்த மாணவன் மருத்துவத் தேர்வில் முதல் வகுப்பு வாங்கியதுபோல! 2017 மே மாதம், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 15 கோடியே 50 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது நிறுவனம். இந்தக் குறைகளைக் கண்டுபிடித்து வழக்குத் தொடுத்தவர் யார் தெரியுமா? நியூயார்க் நகரச் சிறைச்சாலை ஒன்றில் அந்த மென்பொருளை நிறுவும் வேலையில் இருந்த ஒரு தொழில்நுட்ப ஊழியர். மறுபடியும், வேலை செய்த கை!

இரண்டாவது கதை இதைவிடக் கொடிது. பிராக்டிஸ் ஃபியூஷன் என்றோர் நிறுவனம். சிறு மருத்துவர்களுக்கு மென்பொருளை இலவசமாகவே தந்தது. 'இலவசமா! எத்தனை தாராளம்!' என்று வியந்தார்கள். விளம்பரத்தில் காசு பார்த்தது நிறுவனம். அத்தோடு நின்றதா? வலி தீர்க்கும் அபின் வகை மருந்து செய்யும் ஒரு கம்பெனியிடம் சுமார் 10 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, மருத்துவர் திரையில் ஓர் அறிவிப்பு எழும்படி செய்தது. நோயாளியின் வலியைப் பற்றி நினைவூட்டுவதுபோல் தொடங்கி, அந்த வகை மருந்தின் பக்கம் மருத்துவரின் கையை இழுக்கும்படி அமைந்த அறிவிப்பு. 2016 முதல் 2019 வரை, சுமார் 23 கோடி முறை அந்த அறிவிப்பு எழுந்தது! அந்த ஆண்டுகளில்தான் அபின் வகை மருந்துப் பழக்கத்தால் அமெரிக்காவில் மக்கள் செத்து மடிந்துகொண்டிருந்தார்கள். 2020 ஜனவரியில் 14 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது நிறுவனம். அதே ஆண்டு நவம்பரில், பணம் கொடுத்த பர்டியூ கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

மருத்துவர் பார்த்தது மருத்துவ அறிவின் குரல் என்று நினைத்து. அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தது மருந்து வியாபாரியின் பணப்பை! திரை யாருடையது என்று கேட்காதவர் கை, யாருடைய கையோ ஆட்டுகிறபடி ஆடும். இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இப்போது மறுபடி படைவீரர் மருத்துவமனைக்கு வருவோம். ஊழியர்கள் இரகசியமாய் வளர்த்து, ஊரெல்லாம் மெச்சிய விஸ்டா என்னவாயிற்று?

வயதாகிவிட்டது என்றார்கள். ஊருக்கு ஊர் திருத்தித் திருத்தி சுமார் 130 வடிவங்கள் ஆகிவிட்டன என்றார்கள். படையில் இருக்கும்போது ஒரு பதிவேடு, படையை விட்டு வந்தபின் வேறொரு பதிவேடு, இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்றார்கள். இவை பொய்க் காரணங்கள் என்று நாம் சொல்லமாட்டோம், பொருளுள்ள காரணங்களே. ஆனால் அதற்கு அவர்கள் கண்ட வழி? 2018 மே மாதம், போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமலேயே, செர்னர் என்ற ஒரே நிறுவனத்தோடு 10 ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் ஒப்பந்தம்! 2022-ல் அந்தச் செர்னரையே சுமார் 2,800 கோடி டாலருக்கு ஆரக்கிள் வாங்கிவிட்டது.

2020 அக்டோபர் 24. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்ற ஊர். அங்குள்ள படைவீரர் மருத்துவமனையில் புதிய மென்பொருள் ஓடத் தொடங்கிற்று. கொரோனா உலகையே வாட்டிக்கொண்டிருந்த வேளை. என்ன நடந்தது?

மருத்துவர் எழுதுகிறார்: 'இந்த நோயாளியை நிபுணரிடம் அனுப்பு', 'இந்த ரத்தத்தைச் சோதனை செய்', 'அடுத்த சந்திப்புக்கு நாள் குறி'. பொத்தானை அழுத்துகிறார். போய்விட்டது என்று நினைக்கிறார். போகவில்லை! சேருமிடம் பொருந்தாத ஆணைகளைப் புதிய மென்பொருள் ஒரு மூலையில் கொண்டுபோய்க் கொட்டியது. 'அறியப்படாத வரிசை' என்று அதற்குப் பெயர். அப்படி ஒரு மூலை இருப்பதே அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியாது. நிறுவனம் அவர்களிடம் சொல்லவில்லை. 2021 ஜூன் வரையில் 11,000-க்கும் மேற்பட்ட ஆணைகள் அந்த இருட்டில் விழுந்தன என்று அந்தத் துறையின் தலைமை ஆய்வர் 2022 ஜூலையில் அறிக்கை வெளியிட்டார். தீங்கு நேர்ந்த நிகழ்வுகள் 149.

149 என்பது எண். அந்த எண்ணுக்குள் ஒரு முகத்தைப் பாருங்கள். வீடில்லாத ஒரு முன்னாள் வீரர். தற்கொலை எண்ணம் வரக்கூடியவர் என்று குறிக்கப்பட்டவர். மனநல மருத்துவர் அவருக்கு மறுசந்திப்புக்கு ஆணை எழுதினார். அந்த ஆணை அறியப்படாத வரிசைக்குப் போயிற்று. அழைப்பு வரவில்லை. வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் நினைப்போடு அவர் நெருக்கடி உதவி எண்ணை அழைத்தார். நல்லவேளையாகக் காப்பாற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தியவரை, 1,000 கோடி டாலர் மென்பொருள் மறந்துவிட்டது!

பழகிக்கொள்ளப் பயிற்சி தந்தார்களா? தந்தார்கள். பயிற்சி போதவில்லை என்று 2021-லேயே ஆய்வர் எழுதினார். தேர்ச்சி எப்படி என்று கேட்டபோது, மூன்று முயற்சிக்குள் நூற்றுக்கு 89 பேர் தேறிவிட்டதாக அதிகாரிகள் கணக்குக் கொடுத்தார்கள். தோண்டிப் பார்த்தால், அதற்கு முந்தைய கணக்கில் இருந்த எண் 44! நடுவிலே சில விவரங்களைக் கழித்துவிட்டார்கள், கழித்ததைச் சொல்லவில்லை. வேண்டுமென்று ஏமாற்றியதல்ல, கவனக்குறைவு என்பதே ஆய்வரின் முடிவு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால், பழகாத கையில் கருவியைத் திணித்துவிட்டு, பழகிவிட்டதாகக் கணக்கெழுதியது மட்டும் உண்மை!

ஐந்து மருத்துவமனைகள் வரை வந்தபின், 2023 ஏப்ரலில் 'நிறுத்து' என்றது துறை. அடுத்த மாதம் ஒப்பந்தத்தையே திருத்தி, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும்படி மாற்றினார்கள். 2026-ல் மிச்சிகன் மாநிலத்தில் மீண்டும் தொடங்குவோம் என்ற அறிவிப்பு 2024 டிசம்பரில்தான் வந்தது. முதலிலேயே ஒரு வார்டில் நிறுத்திப் பார்த்து, செவிலியைக் கேட்டு, குமாஸ்தாவைக் கேட்டுத் திருத்தியிருந்தால் இந்த அவலம் நேர்ந்திருக்குமா என்று கேட்கிறோம்.

பெரிய மருத்துவமனையை விடுங்கள். இரண்டு மருத்துவர், மூன்று செவிலி, வாசலில் சீட்டு எழுதும் ஒரு பெண் - இப்படி ஒரு சிறு மருத்துவ நிலையம் மென்பொருள் மாற்றுவதைப் பாருங்கள். விற்பவர் வருகிறார். திரையில் வண்ண வண்ணமாய்க் காட்டுகிறார். மருத்துவர் கையெழுத்துப் போடுகிறார். திங்கட்கிழமை காலை புதிய திரை எரிகிறது. வாசலிலே முப்பது நோயாளிகள். சீட்டு எழுதும் பெண்ணுக்குப் பெயரைத் தேடத் தெரியவில்லை. பழைய பதிவேட்டிலிருந்து மருந்துப் பெயரும் ஒவ்வாமைக் குறிப்பும் வந்திருக்கின்றன. பத்தாண்டுக் குறிப்புகள் படமாக மட்டும் வந்து தேட முடியாமல் கிடக்கின்றன. 'பழையதை முழுதாகக் கொடு' என்று பழைய நிறுவனத்தைக் கேட்டால், 'தருகிறோம், அதற்குத் தனிக் கட்டணம்' என்கிறது பதில்! ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி. அப்புறம் நீ யாரோ, நான் யாரோ!

நோயாளியின் குறிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டும் இந்தப் போக்கு முற்றியதால்தான், அமெரிக்கா 2016-ல் ஒரு சட்டம் இயற்றித் 'தகவலைத் தடுப்பது குற்றம்' என்று சொல்ல நேர்ந்தது. 2021 ஏப்ரல் முதல் அந்த விதி நடைமுறைக்கு வந்தது. நோயாளி தன் குறிப்பைத் தானே திரையில் படிக்கும் உரிமையும் அதனால் வலுப்பட்டது. சான்று பெற்ற மென்பொருள் எதுவும் நோயாளியின் குறிப்பு முழுவதையும் வெளியே எடுத்துத் தரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்கு 2023 கடைசி வரை கெடு வைத்தார்கள். அடைத்த கதவு தானாய்த் திறக்கவில்லை, தோழர்களே! தட்டித் தட்டித்தான் திறந்தது.

மருத்துவர் நிலையும் பரிதாபம்தான். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், 57 மருத்துவர்களின் வேலையைப் பக்கத்தில் நின்று கணக்கெடுத்தார்கள். நோயாளியை முகம் பார்த்துக் கவனித்த ஒவ்வொரு மணிக்கும், கணிப்பொறியிலும் மேசை வேலையிலும் ஏறத்தாழ இரண்டு மணி போயிற்று! நோயாளி மார்வலி என்று சொல்கிறார்; மருத்துவர் கட்டத்தை நிரப்புகிறார். அந்தக் கட்டங்களில் பல நோயைத் தீர்க்க வந்தவையல்ல. காப்பீட்டுக் கம்பெனிக்குப் பட்டியல் அனுப்ப வந்தவை. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது என்பார்களே, அதுதான் இது.

'அமெரிக்கக் கதை அமெரிக்காவோடு போகட்டும்' என்பீர்களா? அந்தக் கட்டங்களை நிரப்பி, குறியீடு போட்டு, பட்டியல் தயாரிக்கும் வேலையில் ஒரு பங்கு நடப்பது எங்கே? சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் இரவு கண் விழித்து உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் மேசையில்! அங்கே மென்பொருள் மாறினால் இங்கே அந்தப் பிள்ளைகளின் வேலைமுறை மாறுகிறது. அது ஒன்று.

இன்னொன்று. 2021 செப்டம்பர் 27 அன்று இந்தியாவிலும் மின்னணு நலப் பதிவேட்டு இயக்கம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. ஆளுக்கு 14 இலக்க எண். விரும்பினால் பெறலாம் என்பது விதி. ஊர்தோறும் மருத்துவமனைகள் காகிதத்திலிருந்து திரைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. மாறட்டும்! ஆனால், அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஆகவே நாம் சொல்லுகிறோம். மென்பொருளை மாற்ற நினைக்கும் எந்த மருத்துவ நிலையமும், கையெழுத்துப் போடுமுன் ஐந்து கேள்விக்கு விடை சொல்லட்டும்.

ஒன்று: யாரைக் கேட்டீர்கள்? சீட்டு எழுதுகிறவர், ஊசி போடுகிறவர், மருந்து கொடுக்கிறவர், சோதனைச்சாலையில் நிற்கிறவர் - இவர்கள் ஒரு வாரமாவது அந்தத் திரையில் வேலை செய்து பார்த்தார்களா? 'ஆகாது' என்று அவர்கள் சொன்னால் அது ஏறுமா?

இரண்டு: பயிற்சி யார் நேரத்தில்? வேலை முடித்து, வீட்டுக்குப் போக வேண்டிய பெண்ணை இரவு எட்டு மணிக்கு உட்கார வைத்தா? பயிற்சியும் வேலைதான், அதற்கும் சம்பளம் உண்டு. முதல் சில வாரம் நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கூடுதல் ஆளைப் போட்டீர்களா?

மூன்று: மூட்டையை யார் சரிபார்த்தார்? ஒத்துக்கொள்ளாத மருந்து, அன்றாடம் உண்ணும் மருந்து, நிலுவையில் உள்ள சோதனை, குறித்த மறுசந்திப்பு - இந்த நான்கையும் பழைய ஏட்டோடு வைத்து மனிதக் கண்ணால் ஒப்பிட்டார்களா? அனுப்பிய ஆணை சேர்ந்ததா என்று நாள்தோறும் பார்க்க ஓர் ஆள் உண்டா?

நான்கு: பொறி நின்றால் என்ன வழி? 2024 மே மாதம் அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் கணிப்பொறிகளைக் கயவர் முடக்கியபோது, செவிலியர் வாரக்கணக்கில் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. மின்சாரம் நின்ற அன்று எழுதக் காகிதமும், எழுதத் தெரிந்த கையும் தயாராய் உண்டா?

ஐந்து: வெளியேறும் வழி எது? நாளை இந்த நிறுவனம் வேண்டாம் என்றால், குறிப்பு முழுவதையும், கட்டணமின்றி, மற்றொரு மென்பொருள் படிக்கும் வடிவில் தருவதாக எழுதிக் கொடுத்ததா? நோயாளி தன் குறிப்பைத் தன் மொழியில் படித்துத் தெரிந்துகொள்ள முடியுமா? அவர் ஒப்புதலின்றி எவருக்கும் அது போகாது என்ற உறுதி உண்டா?

இந்த ஐந்துக்கும் விடை இருந்தால், மாறட்டும்; நாமே முன்னின்று கை தட்டுவோம். விடை இல்லாவிட்டால், விற்பவர் காட்டும் வண்ணத்துக்கு மயங்காமல் பேனாவை மூடி வைக்கட்டும்.

கேட்க வேண்டியவர் மருத்துவர் மட்டுமல்ல. மருத்துவமனையில் வேலை செய்யும் தோழர்களே, உங்கள் சங்கக் கூட்டத்தில் அடுத்த முறை இதையும் ஒரு பொருளாய் வையுங்கள். கூலி உயர்வைப் பேசுகிற மேடையில் திரையைப் பற்றியும் பேசுங்கள். நாளை தவறு நேர்ந்தால் 'குமாஸ்தா சரியாகத் தட்டவில்லை' என்று பழி உங்கள் தலையில்தான் விழும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாகிவிடும்!

நோயாளியாய்ப் போகும் தோழர்களே, நீங்களும் கேளுங்கள். மருத்துவமனையில் புதுத் திரை கண்டால், "ஐயா, எனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து இதில் ஏறியிருக்கிறதா? சற்றுப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதையன்று. அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கலாம்.

டொபீகாவில் ஒரு செவிலியின் யோசனையைக் கேட்டார்கள். எத்தனையோ நோயாளிகள் தவறான மருந்திலிருந்து தப்பினார்கள். ஸ்போகேனில் கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை. 11,000 ஆணைகள் இருட்டில் விழுந்தன. இரண்டும் ஒரே நாடு, இரண்டும் ஒரே துறை, இரண்டிலும் கணிப்பொறிதான்! நடுவிலே மாறியது என்ன? ஒன்றில் உழைக்கும் கைக்கு நாக்கும் இருந்தது. மற்றொன்றில் கை மட்டுமே இருந்தது.

ஏடு மாறட்டும், தோழர்களே! எழுதுகிறவரையும் எழுதப்படுகிறவரையும் கேட்டு மாறட்டும்!